ஷியாட்சு: எண்ணெய் தொடாத விரல் வைத்தியம்

தக்கலைக்கு அருகே நான் ஷியாட்சு சிகிச்சை அளிக்கும் அறைக்கு முதன்முறையாக வருகிறவர்களில் பலர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, "எண்ணெய் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு உடம்பு பிடித்துவிடுவது என்றாலே உழிச்சல்தான் நினைவுக்கு வரும். சூடாக்கிய தைலத்தின் வாசனை, ஆசானின் கை தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக வழுக்கிச் செல்லும் வேகம், ஏழு நாள் அல்லது பதினான்கு நாள் கணக்கு, அதற்குரிய பத்தியம் ஆகியவை எல்லாம் சேர்ந்ததே நம் ஊர்க்காரர்களின் மனத்தில் இருக்கும் சிகிச்சை. தரையில் ஒரு மெல்லிய மெத்தையும் இரண்டு தலையணையும் மட்டும் கிடக்கும் அறையில், போட்டிருக்கும் உடையோடு படுக்கச் சொன்னால் அவர்களுக்குத் திகைப்பு ஏற்படுவது இயல்பே. அந்தத் திகைப்போடு வருகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஷியாட்சு என்பது ஜப்பானியச் சொல். 'ஷி' என்றால் விரல். 'அட்சு' என்றால் அழுத்தம். விரல்களாலும் உள்ளங்கையாலும், சில வேளைகளில் முழங்கையாலும் முழங்காலாலும், உடலின் குறிப்பிட்ட இடங்களில் நிதானமாக அழுத்தம் கொடுத்து, அதனோடு மூட்டுகளை மெல்லச் சுழற்றியும் கைகால்களை நீட்டியும் செய்யப்படும் சிகிச்சை இது. எண்ணெய் கிடையாது, கருவிகளும் கிடையாது. எண்ணெய் தேவைப்படாததற்குக் காரணம் எளியது. உழிச்சலில் கை தோலின்மேல் ஓடுகிறது. ஓடும் கைக்கு வழுக்கல் வேண்டும். ஷியாட்சுவில் கை ஓரிடத்தில் வைக்கப்பட்டு அங்கேயே நிற்கிறது. நிற்கும் கைக்கு வழுக்கல் இடைஞ்சல்.

இதன் வேர் பழையது, பெயர் புதியது. சீனாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஜப்பானுக்குச் சென்ற 'அன்மா' என்னும் பிடித்துவிடும் முறை அங்கே நெடுங்காலம் பார்வையற்றோரின் தொழிலாக நிலைத்திருந்தது. அதிலிருந்தும் பிற முறைகளிலிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிந்து உருவெடுத்ததே ஷியாட்சு. அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் தொகுஜிரோ நமிகோஷி. 1905-இல் பிறந்த இவர், சிறுவனாக இருந்தபோது மூட்டுவாதத்தால் துன்பப்பட்ட தம் தாயின் உடலைக் கையால் தடவியும் அழுத்தியும் விட்டபோது, தடவுவதைவிட அழுத்துவது அவருக்கு இதம் தருவதைக் கண்டுகொண்டார் என்பது இத்துறையில் இருக்கும் எல்லோரும் சொல்லும் வரலாறு. அவர் 1925-இல் ஹொக்கைடோ தீவில் சிகிச்சையகம் தொடங்கினார்; 1940-இல் டோக்கியோவில் பயிற்சி நிறுவனம் அமைத்தார். 1955-இல் ஜப்பானியச் சட்டம் அன்மா, மசாஜ் ஆகியவற்றோடு ஷியாட்சுவின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. இன்று அந்நாட்டில் இதைத் தொழிலாகச் செய்ய விரும்புகிறவர் மூன்றாண்டுப் படிப்பை முடித்து, அரசு நடத்தும் தேர்விலும் வெற்றி பெற வேண்டும்.

நமிகோஷியின் வழி நரம்பு, தசை, எலும்பு என்னும் உடற்கூற்று அறிவை அடிப்படையாகக் கொண்டது. அவருக்குப் பின் வந்த ஷிசுதோ மசுனாகா (1925–1981) உளவியல் பயின்றவர். அவர் பழைய சீன மருத்துவத்தின் உயிராற்றல் பாதைகளை மீண்டும் ஷியாட்சுவுக்குள் கொண்டுவந்து, இன்று 'ஜென் ஷியாட்சு' என்று வழங்கும் கிளையை வளர்த்தார். வெளிநாடுகளில் பரவலாகக் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இவருடைய வழியைத் தழுவியதே. நான் கற்றதும் அதுதான்.

இந்தக் கிளையின் கருத்துலகம் நமக்கு அந்நியமானதன்று. 'கி' என்னும் உயிராற்றல் உடலில் பன்னிரண்டு முதன்மைப் பாதைகளின் வழியாக ஓடுகிறது என்றும், அந்தப் பாதைகளில் தொட்டு அணுகக்கூடிய புள்ளிகள் இருக்கின்றன என்றும் அது கூறுகிறது. அந்தப் புள்ளிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சுபோ'. ஜாடி, குடம் என்பது அதன் பொருள். வாய் குறுகி வயிறு அகன்ற ஒரு குடத்தை நினைத்துக்கொண்டால், விரல் ஏன் மெதுவாக இறங்க வேண்டும் என்பது உடனே விளங்கும். ஓரிடம் ஆற்றல் வற்றிக் கிடந்தால் அதைக் 'கியோ' என்றும், தேங்கி விறைத்திருந்தால் 'ஜிட்சு' என்றும் அழைப்பார்கள். வலிக்கும் இடம் பெரும்பாலும் விறைத்த இடமாகவே இருக்கும். ஆனால் சிகிச்சையாளர் அதை மட்டும் குடைந்துகொண்டிராமல், வேறெங்கோ தொய்ந்து கிடக்கும் இடத்தையும் தேடிப் போவார். கழுத்து வலிக்கிறது என்று வந்தவரின் காலில் ஏன் இவ்வளவு நேரம் கை வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினால், காரணம் இதுவாக இருக்கலாம்.

குமரி மாவட்டத்தில் இதைச் சொல்லும்போது அடுத்த கேள்வி, உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைக் கையாளும் வர்மத்தைப் பற்றியே வரும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களை எண்ணும் மரபு நம் மண்ணில் இன்றும் உயிரோடு இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் ஆசான்மாரின் வைத்தியசாலைகள் இன்னும் இயங்குகின்றன. இரண்டும் ஒன்றா என்றால், இல்லை. வர்மம் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையோடும் சித்த மருத்துவத்தோடும் சேர்ந்து வளர்ந்தது. அடிபட்டவரை எழுப்புவதற்கான அடங்கல், இளக்குமுறை ஆகியவை அதன் உயிர்நாடி. ஷியாட்சுவில் அவை கிடையாது. ஆயினும் உடலைப் படிக்கும் விதத்தில் இரண்டுக்கும் இடையே வியப்பூட்டும் நெருக்கம் உண்டு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதைப்பகுதியை நம் ஆசான்மார் கவுளிக்காலம் என்பார்கள். கிழக்காசிய மருத்துவத்தின் மிகப் பெயர்பெற்ற புள்ளிகளுள் ஒன்றும் அதே பகுதியில்தான் இருக்கிறது. நம்மவர்கள் விரற்கடையால் அளப்பதுபோல அவர்களும் சிகிச்சை பெறுபவரின் பெருவிரல் அகலத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். அழுத்தத்தின் அளவைக் கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை என்று வர்ம மரபு பிரித்து வைத்திருப்பதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஷியாட்சுவின் முதல் பாடமே எளிதாக இருந்தது: எங்கே அழுத்துவது என்பதைவிட எவ்வளவு அழுத்துவது என்பதே பெரிய அறிவு.

இந்த அழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் ஷியாட்சுவின் முழு நுட்பமும் இதில் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான தவறான எண்ணங்களும் இதைச் சுற்றியே இருக்கின்றன. சிகிச்சையாளர் தம் கைவலிமையால் அழுத்துவதில்லை. முழங்காலிட்டு அமர்ந்து, கையை நீட்டி வைத்து, தம் உடலின் எடையை மெல்ல முன்னே சாய்க்கிறார். எடை தோள் வழியாக, முழங்கை வழியாகப் பெருவிரலின் நுனிச்சதைக்கு வந்து சேர்கிறது. விரல் தோலுக்குச் செங்குத்தாக இறங்குகிறது. சில நொடிகள் அசையாமல் நிற்கிறது. வந்த வேகத்திலேயே திரும்புகிறது. நுனிநகத்தால் குத்துவது ஷியாட்சு அன்று. அழுத்தும் கை ஒன்றாக இருக்கும்போது மற்றொரு கை வேறோர் இடத்தில் அமைதியாகப் பதிந்திருக்கும். மசுனாகாவின் மரபில் அதற்குத் தாய்க்கை என்று பெயர். முதன்முறை வருகிறவர்கள் அந்தக் கையைக் கவனிப்பதே இல்லை. ஆனால் உடம்பு அதைக் கவனிக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குத்தவைத்து இருந்து வேலை செய்த ஒரு மாமி, வலது தோள்பட்டைக் கடுப்போடு என்னிடம் வந்தார். கவிழ்ந்து படுக்க வைத்து, இடது உள்ளங்கையை இடுப்பின்மேல் வைத்துவிட்டு, வலது பெருவிரலை முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே வைத்தேன். அந்தத் தசை ஊறாத கதம்பை (தேங்காய் மட்டை) போல் விறைத்திருந்தது. "இன்னும் அமுக்கு மக்களே, நான் தாங்குவேன்" என்றார். அவர் அதைச் சொல்லும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், கால்விரல்கள் மடங்கியிருந்தன. நான் அழுத்தத்தைக் கூட்டவில்லை; சற்றுக் குறைத்து, விரலை எடுக்காமல் காத்திருந்தேன். மூன்றாவது மூச்சிலோ நான்காவது மூச்சிலோ அவருடைய விலா விரிந்து, நீண்ட பெருமூச்சு ஒன்று வெளியேறியது. அப்போது விரலுக்குக் கீழே இருந்த தசை தானாக இளகி, நான் தள்ளாமலேயே விரல் உள்ளே இறங்கியது. மாமியின் கால்விரல்கள் விரிந்திருந்தன. அதற்கு மேல் அவர் "இன்னும்" என்று கேட்கவில்லை.

தாங்கும் வலிமைதான் சிகிச்சையின் அளவு என்று நம்மில் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்த நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் இதைக் கற்பதற்கு முன்பு, சுற்றுலாப் பயணிகள் வரும் ஓர் இடத்தில் ஷியாட்சு என்று சொல்லிச் செய்யப்பட்ட சிகிச்சையில், என் தோளில் முழங்கையால் குடைந்த இடங்கள் நான்கு நாள் கன்றிப்போய்க் கிடந்தன. வலிக்கிறது என்று இரண்டுமுறை சொன்னேன். வலித்தால்தான் கெட்டது போகும் என்று பதில் கிடைத்தது. நல்ல அழுத்தத்தில் ஒரு வலி இருக்கத்தான் செய்யும். அது, அந்த இடத்தில் யாராவது கை வைக்க மாட்டார்களா என்று உடம்பு ஏங்கிக்கொண்டிருந்த வலி. அதை அனுபவிக்கும்போது மூச்சு நீளும். மூச்சு முட்டும் வலி, கூர்மையாகச் சுண்டும் வலி, மின்சாரம் பாய்வதுபோலக் கையிலோ காலிலோ இறங்கும் வலி ஆகியவை வேறு. அவற்றை உணர்ந்தவுடன் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

இனி, சிகிச்சை நாளில் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்போம். வயிறு நிறைய மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் உண்டுவிட்டு வந்து கவிழ்ந்து படுப்பது கடினம். இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். முற்றிலும் பட்டினியாகவும் வர வேண்டாம். தளர்வான பருத்தி உடை நல்லது. கால்களை மடக்கியும் சுழற்றியும் நீட்ட வேண்டியிருப்பதால் சேலையும் கைலியும் வசதிப்படாது. பெண்களுக்குச் சுடிதாரும் ஆண்களுக்குத் தளர்ந்த முழுக்கால்சட்டையும் ஏற்றவை. எந்த உடையையும் கழற்ற வேண்டிய தேவை இந்தச் சிகிச்சையில் கிடையாது என்பதைக் குறிப்பாகப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஷியாட்சு என்ற பெயரில் யாராவது அப்படிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் பேச்சு. எங்கே வலி, எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, மலம் எப்படி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அறுவைச் சிகிச்சை ஏதும் நடந்ததா என்று பத்து நிமிடமாவது கேட்காத சிகிச்சையாளரை நான் நம்ப மாட்டேன். பிறகு மல்லாந்து படுக்க வைத்து, வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்து மென்மையாகத் தொட்டுப் பார்ப்பார். ஜப்பானியர் 'ஹாரா' என்று சொல்லும் இந்த வயிற்றுப் பகுதியைத் தொட்டுப் பார்த்தே எந்தப் பாதையில் வேலை செய்வது என்று முடிவு செய்வார்கள். அதன் பிறகு முதுகு, இடுப்பு, தொடை, கெண்டைக்கால், பாதம், கை, கழுத்து, தலை என்று கை நகரும். வரிசை ஆளுக்கு ஆள் மாறும். மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தரையில் படுத்து எழ முடியாத முதியவர்களுக்கு நாற்காலியில் அமர வைத்தோ, ஒருக்களித்துப் படுக்க வைத்தோ செய்யலாம். நடுவில் தூங்கிப்போகலாம், வயிறு கடகடவென்று சத்தம் போடலாம், காரணம் தெரியாமல் கண்ணில் நீர் வரலாம். இவற்றுக்காக யாரும் கூச்சப்பட வேண்டாம்.

இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். உயிராற்றல் பாதைகளை இன்றைய உடற்கூற்றியல் கண்டறிந்து காட்டியதில்லை. ஷியாட்சுவைப் பற்றி நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றில் பல சிறு ஆய்வுகள். இதன் நெருங்கிய உறவான அக்குபிரஷர் ஓரளவு கூடுதலாக ஆராயப்பட்டிருக்கிறது. மணிக்கட்டின் உட்புறத்தில் உள்ள ஒரு புள்ளியை அழுத்துவது குமட்டலுக்கு உதவுமா என்பது அவற்றுள் அதிகம் சோதிக்கப்பட்டது. தசையிறுக்கம் தளர்வது, மூச்சு நிதானப்படுவது, மன அழுத்தம் குறைவது, தூக்கம் கூடிவருவது ஆகியவற்றை எதிர்பார்த்து வரலாம்; அமைதியான தொடுதலும் நிதானமான அழுத்தமும் நரம்பு மண்டலத்தைத் தணிக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள எந்தப் பாதையையும் நம்ப வேண்டியதில்லை. சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ குணப்படுத்துவேன் என்று யாராவது சொன்னால், அவர் உங்களை ஏமாற்றுகிறார். நடக்கும் மருத்துவத்தை நிறுத்திவிட்டு இதற்கு வரவே கூடாது.

சிலர் வரவே கூடாது. சிலர் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால், அது உள்நாளத்தில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் காலை அழுத்தினால் உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை. காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண், புதிய எலும்பு முறிவு, அண்மையில் நடந்த அறுவை ஆகியவை இருக்கும்போதும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எளிதில் கன்றிப்போகும். எலும்பு தேய்ந்து மெலிந்த வயதான பெண்களுக்கு விலா எலும்பின்மேல் எடை சாய்ப்பது ஆபத்து. நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களைப் பற்றி எனக்குத் தனிக்கவலை உண்டு; வலி தெரியாததால் அழுத்தம் மிகுந்ததை அவர்களால் சொல்ல முடியாது. கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரின் சம்மதத்தோடு, அதற்கெனப் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே போக வேண்டும். மேலே சொன்ன கவுளிப் பகுதியையும், உட்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள புள்ளியையும் கர்ப்ப காலத்தில் தொடுவதில்லை என்பது இத்துறையின் பழைய விதி.

இந்தியாவில் ஷியாட்சுவுக்கெனத் தனியான அரசு உரிமம் இல்லாததால், யாரும் பெயர்ப்பலகை மாட்டிவிட முடியும். ஆகவே எங்கே கற்றீர்கள், எத்தனை மாதம் கற்றீர்கள் என்று கேளுங்கள். சான்றிதழைப் பார்க்கக் கேட்பதில் தவறு எதுவும் இல்லை.

சிகிச்சை முடிந்ததும் உடனே எழுந்திருக்கக் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, ஐந்து நிமிடமாவது இருந்துவிட்டு எழ வேண்டும். இரத்த அழுத்தம் குறைந்தவர்களுக்குத் தலைசுற்றல் வரலாம். பைக்கில் வந்தவர்களை நான் ஒரு கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டுப் போகச் சொல்கிறேன். அன்று மாலை அசதியாக இருக்கும்; மறுநாள் உடம்பு லேசாக உளையலாம்; இரண்டு நாளில் அது சரியாகிவிட வேண்டும். கை கால் மரத்துப்போதல், பலம் குறைதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவை தென்பட்டால் மறுசிகிச்சைக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

வாரம் ஒருமுறையாக மூன்று அல்லது நான்கு முறை செய்தும் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். அண்டி ஆபீஸ் மாமிக்கு மூன்றாவது முறைக்குப் பிறகு கை தலைக்கு மேலே போனது. நான்காவது முறை வந்தபோது, வேலை செய்யும் இடத்தில் முக்கால் அடி உயரத்தில் ஒரு பலகை போட்டு உட்காரும்படி சொல்லி அனுப்பினேன். பலகை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வந்தால் போதுமா என்று தம் மகனை விட்டுப் போனில் கேட்டார், போதும் என்றேன்.